இறையாட்சி என்ற சொல்லை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

அரசியல் அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கும், கலைச்சொல் பட்டியல் தொகுப்போருக்கும், வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தருவோருக்கும்,

வணக்கம்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறவன். எங்கள் பள்ளி கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. வகுப்பில் பாதிக்கு மேல் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், கத்தோலிக்கர்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அரசாங்கத்தின் வகைகளை நடத்தும்போது வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதினேன்: முடியாட்சி, சிலராட்சி, மக்களாட்சி, இறையாட்சி. கடைசிச் சொல்லுக்கு நேரே, 'சமயத் தலைவர்கள் கடவுளின் பெயரால் ஆளும் முறை. மாற்றுக் கருத்துக்கு இடம் இருக்காது' என்று குறிப்பும் எழுதினேன். ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், நேத்து பூசையில ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது, இறையாட்சி வரணும்னு தினமும் வேண்டிக்கிடணும்னு சொன்னாங்க. நீங்க அது மோசமான ஆட்சிங்கிற மாதிரி எழுதிப் போட்டிருக்கீங்களே?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருமே அதைத்தான் கேட்க நினைத்தார்கள் போல, என் முகத்தையே பார்த்தார்கள். "அது வேற, இது வேற" என்று சொல்லிச் சமாளித்தேன். வேறு என்றால் ஏன் ஒரே சொல் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று என்னிடம் பதில் கிடையாது.

அதன் பிறகு என் வகுப்பில் அந்த இடத்தில் 'குருமார் ஆட்சி' என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியது. ஆனால் அடுத்து வந்த ஒரு தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அது வந்தது. விடைக்குறிப்பில் இருந்தது 'இறையாட்சி'. குருமார் ஆட்சி என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் இல்லை. நான் சொன்னதைக் கேட்டதால் என் பிள்ளைகள் மதிப்பெண் இழந்தார்கள். இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தது அந்த வருத்தம்தான்.

தியோக்ரசி என்று மற்ற மொழிகளில் வழங்கும் சொல்லுக்குத் தமிழில் நாலைந்து சொற்களைப் புழங்குகிறோம். இறையாட்சி, தெய்வ ஆட்சி, மத ஆட்சி, சமய ஆட்சி, மதகுருமார் ஆட்சி. பாடநூலில் ஒன்று, கைடில் ஒன்று, நாளிதழில் இன்னொன்று. மற்றவற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. முதல் சொல்லைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் தமிழ் விவிலியத்தில், மாற்கு நற்செய்தியில், இயேசு வாய் திறந்து அறிவிக்கும் முதல் செய்தியே இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது என்பதுதான். பழைய மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் சபைகள் இதையே 'தேவனுடைய ராஜ்யம்' என்பார்கள். கடுகு விதை உவமை, புளித்த மாவு உவமை எல்லாம் இந்த ஆட்சியைப் பற்றியவை. ரோம ஆளுநர் பிலாத்துவின் முன்னால் நிற்கும்போது, தன் ஆட்சி இந்த உலகத்து ஆட்சி போன்றது அல்ல என்று இயேசு சொன்னதாக யோவான் தன் நற்செய்தியில் எழுதுகிறார். அதாவது காவலரும் கருவூலமும் சிறைச்சாலையும் வைத்துக்கொண்டு நடத்தும் ஆட்சி அல்ல இது என்பதே அந்தச் சொல்லின் உயிர். அதை எடுத்துச் சிறைச்சாலை வைத்திருக்கும் ஆட்சிக்குப் பெயராக வைத்தால், நம்பிக்கையுள்ள ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கும்? ஒன்று, பாடநூல் தன் வேண்டுதலை இழிவு செய்கிறது என்று நினைக்கும். இல்லை, குருமார் நாட்டை ஆள்வதைத்தான் நாம் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும். இரண்டாவது இன்னும் மோசம்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் இறைவன், இறைத்தூதர், இறைமறை என்று நாள் முழுக்கச் சொல்கிறவர்கள். 'இறை' என்று தொடங்கும் சொல் கண்ணில் பட்டதும் அவர்களுக்கு மனம் பணியும். அந்த இடத்தில் ஒரு அரசாங்கத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம்.

'இறை' என்ற சொல்லுக்கு நம் மொழியில் வேறொரு வரலாறும் இருக்கிறது. திருக்குறளில் 39ஆவது அதிகாரத்தின் பெயர் இறைமாட்சி. பத்துக் குறளும் அரசனைப் பற்றியவை. கடவுள் வாழ்த்தில் 'இருள்சேர் இருவினையும் சேரா இறைவன்' என்று வரும் இறைவன் கடவுள். நாடு என்ற அதிகாரத்தில், 'பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்று வரும் இறைவன் அரசன், அவனுக்குக் கொடுக்கும் இறை வரி. ஒரே நூலில், சில நூறு குறள் இடைவெளியில், கடவுளும் அரசனும் வரியும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர், பிறப்பால் மனிதனே ஆனாலும் செயலால் கடவுள் என்று வைக்கப்படுவான் என்று பொருள் சொன்னார். மு.வ. அதையே தலைவன் என்று மதிக்கப்படுவான் என்று எழுதினார். இரண்டு உரைக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு அரசியல் கிடக்கிறது! கோயில் என்ற சொல்லும் இப்படித்தான். கோவின் இல் கோயில். அரண்மனைக்கும் அதுதான் பெயர், ஆலயத்துக்கும் அதுதான் பெயர். கல்வெட்டில் இறையிலி நிலம் என்றால் வரி விதிக்காத நிலம். கடவுள் இல்லாத நிலம் என்று யாராவது படித்தால் கதை கெட்டது.

இந்தப் பழைய பொருளை எடுத்துத்தான் நம் முன்னோர் 'இறையாண்மை' என்ற அழகான சொல்லைச் செய்தார்கள். அரசமைப்பின் முகப்புரையைத் தமிழில் வாசிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதில் இறை என்பது மேலான அதிகாரம். கடவுளுக்கு அங்கே இடமில்லை. சற்றுத் தள்ளிச் சமயச் சார்பின்மையும் வருகிறது. அப்புறம் அதே பிள்ளைக்கு இன்னொரு பாடத்தில் இறையாட்சி என்றால் கடவுளின் பெயரால் நடக்கும் ஆட்சி என்று சொல்கிறோம். 'இறையாண்மை என்றால் கடவுளின் ஆட்சி' என்று விடைத்தாளில் எழுதிய பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சிவப்பு மையால் அடிக்கும்போது என் கை கூசும். அது அவர்கள் செய்த தவறு இல்லை.

கிரேக்கத்தில் தியோஸ் என்றால் கடவுள், கிராட்டோஸ் என்றால் ஆட்சி, அதை அப்படியே பெயர்த்தால் இறையாட்சிதானே வரும் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று பார்த்தபோது எனக்கும் ஒரு வியப்புக் காத்திருந்தது.

அதை முதலில் எழுத்தில் வைத்தவர் யோசேபுஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். குருமார் குடும்பத்தில் பிறந்தவர். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு, ரோமில் இருந்துகொண்டு, முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் தன் மக்களுக்காக வாதாடி எழுதினார். சில நாட்டார் ஒருவனிடம் அதிகாரத்தைக் கொடுத்தார்கள், சிலர் ஒரு சிலரிடம் கொடுத்தார்கள், சிலர் திரளான மக்களிடம் கொடுத்தார்கள். எங்களுக்குச் சட்டம் தந்த மோசே இவை எதையும் நாடாமல் எல்லா அதிகாரத்தையும் கடவுளிடம் வைத்தார் என்கிறார். அதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் பெயரைச் சொல்வதற்கு முன்னால், மொழியைக் கொஞ்சம் வலிந்து வளைத்துச் சொல்வதானால் என்று ஒரு முன்னுரை வைக்கிறார். சொல்லைச் செய்தவரே இது இயல்பாக வரும் சொல் இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் அதை வெளியே விட்டார். கொஞ்சம் தள்ளி, அந்த ஏற்பாட்டில் பொதுக் காரியங்களை நடத்துவது குருமார், அவர்களுக்கு மேலே தலைமைக் குரு என்றும் எழுதுகிறார். கடவுளிடம் அதிகாரம் இருக்கிறது என்ற நம்பிக்கையும், குருமார் நிர்வாகம் செய்கிறார்கள் என்ற நடைமுறையும் முதல் நாளிலிருந்தே இந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

பிற்காலத்தில் நடைமுறைப் பொருள்தான் மேலே வந்தது. இதற்கு ஒரு சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1948 பிப்ரவரியில் அமெரிக்க மக்களுக்கு வானொலியில் பேசிய பாகிஸ்தானின் நிறுவனர் ஜின்னா, பாகிஸ்தான் தியோக்ரடிக் அரசாக இருக்கப்போவதில்லை என்றார். உடனே அதற்கு விளக்கமும் சேர்த்தார்: தெய்வப் பணியை ஏற்றதாகச் சொல்லும் குருமார் ஆளும் அரசு என்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் பாகிஸ்தானின் அரசமைப்பு அவை நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானம், அண்டம் முழுவதன் மீதும் இறையாண்மை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்று தொடங்குகிறது.

இந்த இரண்டையும் இப்போதைய கலைச்சொல்லை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். 'பாகிஸ்தானில் இறையாட்சி இருக்காது', 'இறையாண்மை இறைவனுக்கே உரியது'. பதின்மூன்று மாதத்தில் ஒரு நாடு தலைகீழாகத் திரும்பிவிட்டது போல இருக்கும். கொள்கை எவ்வளவு மாறியது என்பது வரலாற்றாசிரியர்கள் வாதிட வேண்டிய விஷயம். ஆனால் ஜின்னா மறுத்தது குருமார் கையில் அரசாங்கம் போவதை. தீர்மானம் பேசியது அதிகாரத்தின் ஊற்று எங்கே என்பதைப் பற்றி. முதல் வாக்கியத்தில் குருமார் ஆட்சி என்று எழுதினால் இரண்டுக்கும் உள்ள தூரம் மாணவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவனே யோசிப்பான்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் அதிகம் அடிபடும் பெயர் அது. பின்னாளில் ஈரான் புரட்சிக்குத் தலைமை தாங்கிய கொமேனி, 1970இல் ஈராக்கின் நஜஃப் நகரில் இருந்தபோது ஆற்றிய உரைகளில் இருந்து வளர்ந்தது 'விலாயத்தே ஃபகீஹ்' என்ற கொள்கை. மார்க்கச் சட்ட அறிஞரின் காப்பாட்சி என்று சொல்லலாம். 1979 அரசமைப்பில் அது சட்டமானது. உச்சியில் ஒரு தலைவர். அவரைத் தேர்ந்தெடுப்பது 88 மார்க்க அறிஞர்கள் கொண்ட நிபுணர் அவை. அந்த அவைக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். ஆனால் யார் வேட்பாளராக நிற்கலாம் என்று முடிவு செய்வது 12 பேர் கொண்ட காப்பாளர் அவை. அந்த 12 பேரில் ஆறு மார்க்க அறிஞர்களைத் தலைவரே நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட வல்லுநர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அதற்குப் பெயர்களைத் தருவது தலைவர் நியமித்த நீதித் துறைத் தலைவர். கயிறு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருகிறது.

இதைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து காட்டுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒரு மனிதர் கையெழுத்துப் போடுகிறார். இந்த வட்டத்தை இறையாட்சி என்று சொன்னால் அந்தக் கையெழுத்தெல்லாம் மறைந்துவிடும். குருமார் ஆட்சி என்று சொல்லும்போது பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள்: அவரை யார் நியமித்தார், எத்தனை ஆண்டுக்கு, நீக்க முடியுமா, பெண்கள் வர முடியுமா? அரசியல் அறிவியல் வகுப்பில் எனக்கு வேண்டியது இந்தக் கேள்விகள்தான்.

ஈரானில் பெரும்பான்மையான ஷியா முஸ்லிம் பிரிவின் மார்க்க அறிஞர்கள் எல்லோரும் இந்தக் கொள்கையை ஏற்றவர்களும் இல்லை. நஜஃபில் வாழும் மூத்த ஷியா அறிஞர் சிஸ்தானி, ஈராக்கில் எவ்வளவு செல்வாக்கு இருந்தும் அரசுப் பதவி எதையும் ஏற்றதில்லை. அதே மார்க்கம், அதே நூல்கள், வேறு முடிவு. 'மத ஆட்சி' என்று பொத்தாம்பொதுவாக எழுதும்போது இந்த வேறுபாடு முழுக்கக் காணாமல் போகிறது. சவூதி அரேபியாவையும் அதே கூடையில் போடுகிறீர்கள். அங்கே ஆள்வது மன்னர் குடும்பம். மார்க்க அறிஞர்கள் துணை நிற்கிறார்கள். அது முடியாட்சி.

குருமார் ஆட்சிக்கு இன்னொரு தெளிவான எடுத்துக்காட்டு வத்திக்கான். 1929 பிப்ரவரியில் கையெழுத்தான லாத்தரன் ஒப்பந்தத்தால் உருவான நாடு, பரப்பு 44 ஹெக்டேர். சட்டம் இயற்றுவது, நிர்வாகம், நீதி மூன்றும் திருத்தந்தையின் கையில். இங்கே நம் மொழி ஒரு அற்புதம் செய்திருக்கிறது. அவரைத் திருச்சபை 'திருத்தந்தை' என்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 'போப்பாண்டவர்' என்பார்கள். இலங்கைத் தமிழர் 'பாப்பரசர்' என்பார்கள். ஒன்று அப்பா, ஒன்று ஆண்டவர், ஒன்று அரசர். ஆண்டவர் என்பதே ஆள் என்ற வினையில் பிறந்த சொல் அல்லவா? 1860 வரை நடு இத்தாலியின் பெரும் பகுதியையும் 1870 வரை ரோமையும் ஒரு மன்னரைப் போல ஆண்டவரின் கதை முழுவதும் பாப்பரசர் என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. வத்திக்கான் பாடம் நடத்தும்போது இந்த மூன்று பெயரையும் எழுதிப் போட்டால் போதும், மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

திபெத்தில் 1642இல் ஐந்தாவது தலாய் லாமா காலத்தில் தொடங்கிய ஏற்பாடும் இந்த வகைதான். 2011இல் இப்போதைய தலாய் லாமா தன் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் தாமாகவே ஒப்படைத்தார். குருவாகத் தொடர்கிறார், ஆட்சியாளராக இல்லை. 'இறையாட்சி முடிந்தது' என்று இதை எழுத முடியுமா? படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தில் இறை எங்கிருந்து வந்தது? சொல் இங்கே முழுக்கவே உடைந்து போகிறது.

எல்லைக்கோட்டில் நிற்கும் நாடுகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரிட்டன் பிரபுக்கள் அவையில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்கு இடம் உண்டு. அந்தத் திருச்சபைக்கு உச்ச ஆளுநர் மன்னர். அங்கே அரசுதான் சபைக்கு மேலே இருக்கிறது. இலங்கை அரசமைப்பின் 9ஆவது உறுப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 2004 தேர்தலில் ஒன்பது பிக்குகள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அதனால் தமிழர் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் 225 பேரில் ஒன்பது பேர் தேர்தலில் வென்று உட்கார்வது குருமார் ஆட்சி ஆகாது. அரசமதம், அரசு முன்னுரிமை தரும் மதம் என்று அதற்குத் தனிச் சொல் வேண்டும். நம் மாநிலத்திலோ கோயில் நிர்வாகத்தை அறநிலையத் துறை பார்க்கிறது. அது சரியா தவறா என்ற வாதம் தனி. ஆனால் அரசு கோயிலை நிர்வகிப்பதையும் குருமார் அரசை நிர்வகிப்பதையும் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே 'மத ஆட்சி'யாகச் சொல்லும்போது கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

நான் சொல்லும் குருமார் ஆட்சி என்ற சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் கணித ஆசிரியர் முஸ்லிம். அவர் சொன்னார்: "எங்கள்ல குருமார் கிடையாது சார். திருநிலைப்பாடு, தீட்சை எதுவும் இல்ல. படிச்சவங்க ஆலிம், தொழுக நடத்துறவங்க இமாம். அவ்வளவுதான்." அவர் சொல்வது உண்மை. குருக்கள், பட்டர், பூசாரி, பங்குத்தந்தை, போதகர், ஆலிம், பிக்கு என்று நமக்கு ஒவ்வொரு சமயத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எல்லோரையும் ஒன்றாகச் சுட்ட ஒரு பொதுச் சொல் தமிழில் வேரூன்றவே இல்லை. குருமார் என்பது அதற்கு மிக அருகில் வருகிறது, அவ்வளவே. அதனால் கலைச்சொல்லாக அதை வைத்துக்கொண்டு, ஈரானைப் பற்றி எழுதும்போது மார்க்க அறிஞர்களின் ஆட்சி என்றும், திபெத்தைப் பற்றி எழுதும்போது லாமாக்களின் ஆட்சி என்றும் நேராகப் பெயர் சொல்லி எழுதலாம். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்வேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த பதிப்பில் அரசாங்க வகைகளின் பட்டியலிலிருந்து இறையாட்சியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் குருமார் ஆட்சி என்று வைத்து, யோசேபுஸ் சொன்ன மூலப் பொருளை இரண்டு வரியில் அடிக்குறிப்பாகக் கொடுங்கள். இறையாண்மை பாடத்தில், இந்த இறை அதிகாரத்தைக் குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்து, 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்ற குறளை எடுத்துக்காட்டாகப் போடுங்கள். குறள் தெரியாத பிள்ளை இல்லை, உடனே பிடித்துக்கொள்ளும். செய்தி எழுதும் நண்பர்களே, 'மத ஆட்சி' என்று தட்டச்சு செய்யும் முன், அந்த நாட்டில் ஆணையில் கையெழுத்துப் போடுகிறவர் குருவா, மன்னரா, படைத் தளபதியா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதிப்பு மாறும் வரைக்கும், விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் 'இறையாட்சி / குருமார் ஆட்சி' என்று இரண்டையும் ஏற்கும்படி ஒரு சாய்கோடு போட்டால்கூடப் போதும். என் வகுப்பில் இந்த ஆண்டு நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு வருகிறது.

அன்புடன்,
கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றின் அரசியல் அறிவியல் ஆசிரியர்